மூலை வீட்டுக் கூரை

இல்ல இல்ல, அந்த நாற்காலில உக்காராதீங்க டாக்டரம்மா, அதுக்கு ஒரு கால் ஆட்டம். இப்படி ஜன்னலோரமா வாங்க. குளவிக்குப் பயந்தா செப்டம்பர்ல இந்த ஊர்ல ஒருத்தரும் ப்ளம்ஸ் பழம் வெச்ச கேக் சாப்பிட முடியாது. கைய வீசாதீங்க, வீசினாத்தான் கொட்டும். அதுபாட்டுக்கு ஓரமா ரெண்டு வாய் தின்னுட்டுப் போயிரும்.

நீங்க ஃபோன்ல டாக்டர்னு சொன்னதும் நான் பயந்தே போயிட்டேன். நாம யாரையும் கூப்பிடலையே, ஊசி போட ஆள் வருதேன்னு. அப்புறம் பக்கத்து வீட்டு ஹில்ட்ருட்தான் சொன்னா, அடியே ரோஸ்விதா, அவங்க பழைய கட்டடத்துக்குப் படிச்ச டாக்டரு, ஒன் முட்டிவலியப் பாக்க வரல, ஒன் புருஷன் எழுதின சமாச்சாரத்தப் பத்திக் கேக்க வராங்கன்னு. எனக்கும் எழுபத்தெட்டு ஆச்சு, நானும் பழைய கட்டடம்தான். ஆனா என்னைப் பாக்க ஒரு ஆபீசும் ஆள் அனுப்பலையே!

சிரிக்கிறீங்க. நல்லது. சிரிச்ச மொகமா இருங்க.

ஆங், கேள்வி புரிஞ்சுது. இந்தப் படம் எந்தப் புஸ்தகத்துலேருந்து வெட்டி எடுத்ததுன்னு கேக்குறீங்க. ட்ரியர் டவுன்ல லூட்கேயோட பழைய படக் கடையிலதான் ஊர்சபை இத வாங்குச்சு, அப்போ நான் அந்தக் கடையில வேலைல இருந்தேன், அதனால எனக்குத் தெரிஞ்சிருக்கும். சரியான கணக்குதான். சொல்றேன். காப்பிய ஊத்திடறேன், ஆறிப்போகும்.

படத்த மேசை மேல வைங்க. இருங்க, தட்ட நகத்திக்கிறேன், மேல ஜூஸ் கீஸ் பட்டுறப் போவுது. அட... கண்ணாடி போட்ட சட்டத்துக்குள்ளயே பாத்துப் பாத்து... எத்தனை சின்னதா இருக்கு பாருங்க. ரெண்டு உள்ளங்கை அகலம். இதுக்குள்ள எங்க ஷீர்பாக் ஊரே அடங்கிப்போச்சு. இது சர்ச்சு. இது மில்லு. இது ஓடைப் பாலம், இந்தா இவ வாத்து மேய்க்கிறவ. முன்னூத்தி எழுபது வருஷத்துக்கு முன்னாடி எவனோ ஒருத்தன் இந்தக் குன்று மேல உக்காந்து வரைஞ்சிருக்கான், இன்னொருத்தன் அதச் செப்புத்தகட்டுல கீறி அச்செடுத்திருக்கான். பதினேழு கூரை. எண்ணவே வேணாம், எனக்குத் தெரியும். பதினேழும் செவப்பு.

இந்தத் தாள்லயா? கண்ணாடிய எடுத்துக்கிறேன். கீழே கையெழுத்திடும் நான்... அந்தக் கடையில பணிபுரிந்தவள் என்ற முறையில்... இப்படத்தின் வண்ணம் படம் அச்சான காலத்தைச் சேர்ந்தது என... சரி. சரி. பேனா இருக்குதா உங்ககிட்ட? இருக்கட்டும், கேக்க முடிங்க மொதல்ல.

நான் கையெழுத்துப் போட்டா திங்கக்கெழம சர்ச்சு மேல கூரை மாத்த ஆள் ஏறும், அப்படித்தானே? காலையில பால்காரன் வரும்போதே சொன்னான், சர்ச்சு வாசல்ல செவப்பு ஓடு அடுக்கடுக்கா வந்து எறங்கியிருக்குன்னு. பிளாஸ்டிக்கு சுத்தி. இத்தனை வருஷமா சர்ச்சு மட்டும்தான் தப்பிச்சுக்கிட்டு இருந்துச்சு, மழைக்கு ஒழுக ஆரம்பிச்சதும் அதுக்கும் நாள் வந்துருச்சு.

தப்பிச்சுதுன்னா சொன்னேன்? வாய் தவறிருக்கும்.

நீங்க ஊருக்குள்ள நடந்து வந்தீங்களா, கார்லயா? நடந்து வந்திருந்தா பாத்திருப்பீங்க. இங்க பக்கத்து ஊர் எதை வேணா எடுத்துக்குங்க, கூரையெல்லாம் சிலேட்டுக் கல்லு. கன்னங்கரேர்னு, மழை பட்டா மீன் முதுகு மாதிரி மின்னும். மலைய வெட்டினா சிலேட்டுதான் வரும், அத விட்டுட்டு வேற எதப் போட்டு வீடு மூடுவான்? எங்க தாத்தா சுரங்கத்துல இருந்தாரு, அவரு அப்பா சுரங்கத்துல இருந்தாரு. எங்க ஊர் மட்டும் நடுவுல தக்காளிப்பழம் மாதிரி உக்காந்திருக்கு. வெளியூர்க்காரங்க ஃபோட்டோ எடுக்கறாங்க. அழகா இருக்குன்றாங்க. அழகாத்தான் இருக்கு, நான் இல்லைன்னா சொன்னேன்.

அதெல்லாம் எங்க வீட்டுக்காரர் கைங்கரியம். தீல்மன் வாத்தியார்னா இந்தப் பக்கம் தெரியாதவங்க இல்ல. போன மே மாசம்தான் தவறிட்டாரு. தேங்க்ஸ்மா. இல்ல, கஷ்டப்படல, தூக்கத்துலயே.

எழுபத்தஞ்சுல ஊருக்கு எழுநூறாவது வயசு. அதோட அழகான கிராமம் போட்டி வேற. கெழவன் கெழவி எல்லாம் ஜன்னல்ல ஜெரானியம் செடி வெச்சுக்கிட்டு, அடுத்தவன் வேலிய எட்டிப் பாத்துக்கிட்டு, ஒரே பைத்தியம். எங்க ஊருக்கு ஒரு தங்கத்தட்டு வாங்கிறணும்னு வெறி. அப்போதான் ஊர்சபையில இந்தப் படத்த வாங்கி மாட்டினாங்க. எங்க வீட்டுக்காரரு, அப்போ எங்களுக்குக் கல்யாணமாகி ரெண்டு மாசம், பூதக்கண்ணாடிய வெச்சுக்கிட்டு இத ஒரு குளிர்காலம் முழுக்கப் பாத்தாரு. பாத்துட்டு ஒருநாள் சபையில எழுந்து நின்னு சொன்னாரு: ஐயா, நம்ம கண்ண நம்பாதீங்க, சிலேட்டு நேத்து வந்தது. நம்ம முன்னோர் கூரை செவப்பு. இந்தா சாட்சி.

எங்க ஜனத்தப் பத்தி ஒங்களுக்கே தெரியும். தல மேல இருக்குற கூரையச் சொன்னா நம்பாது. காகிதத்துல இருந்தா நம்பும்.

செவப்பு ஓடுன்னா களிமண் வேணுமே, களிமண் எங்கன்னு மில்லுக்காரன் கேட்டான். வாத்தியாரு ஓடைக்கரையில நடந்து நடந்து ஒரு பள்ளத்தக் கண்டுபிடிச்சாரு. அதுதான் பழைய ஓட்டுச்சூளைன்னாரு. இப்போ அங்க ஒரு போர்டு இருக்கு, பெஞ்சு இருக்கு. நாங்க ரெண்டு பேரும் ஞாயித்துக்கெழம போயி அந்தப் பெஞ்சுல உக்காருவோம். எனக்கு நினைவு தெரிஞ்ச நாள்லேருந்து அது காட்டுப்பன்னி பொரள்ற குழி.

இந்த மூலையில பாருங்க. கடைசி வீடு. மத்த கூரையெல்லாம் பளிச்சுனு செவப்பு, இது மட்டும் அழுக்குச் செவப்பா, இருட்டா இருக்கா? கண்ணு நல்லா இருக்கு ஒங்களுக்கு. அதுக்கும் வாத்தியாரு காரணம் கண்டுபிடிச்சாரு. தீயில கருகின வீடாம். படையெடுப்புக் காலத்துல எவனோ கொளுத்தினதாம். ஆமா, ஜூன் மாசம் தீயணைப்புக்காரங்க விழா எடுக்குறாங்களே, அதேதான். அந்தத் தீய நெனச்சுத்தான். பாண்டு வாசிச்சு, சாசேஜ் சுட்டு, பீரு குடிச்சு, புள்ளைங்க வாளில தண்ணி மொண்டு ஓடும். நாப்பத்தெட்டு வருஷமா நடக்குது.

அந்த மூலை வீடு நான் பொறந்த வீடுதான். எங்க அண்ணன் வென்டலின் அப்போ அதுல இருந்தான். அவன் வீட்டுச் செவுத்துலயே பலகை வெச்சாங்க, இந்த வீடு எரிந்து மீண்டதுன்னு. அவன் வாசல்ல நின்னு அதப் படிச்சுட்டு, ஏண்டி ரோஸ்விதா, நம்ம வீடு தீப்பிடிச்சது எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு, எனக்கு மட்டும் இப்பத்தான் சொல்றாங்கன்னான். அப்படித்தான் பேசுவான். ஆறு மாடு வெச்சிருந்தான், ஒவ்வொண்ணுக்கும் ஊர்சபை உறுப்பினர் பேரு. எங்க வீட்டுக்காரர் பேர்லயும் ஒண்ணு இருந்துச்சு, ஒதைக்கிற மாடு.

காப்பி இன்னும் கொஞ்சம்? சர்க்கரை அந்தப் பக்கம்.

அப்புறம் சட்டம் போட்டாங்க. ஊர் நடுவுல எவன் கூரை மாத்தினாலும் செவப்பு ஓடுதான் போடணும். வென்டலினோட மாட்டுக்கொட்டாய் அந்த வருஷம்னு பாத்து ஒழுகுச்சு. அவன் சுரங்கத்துலேருந்து நல்ல சிலேட்டா பாத்து எடுத்து வந்து முற்றத்துல அடுக்கி வெச்சான். சபையிலேருந்து கடிதாசு. மறுபடி கடிதாசு. மூணாவதுக்கு அபராதம்னு போட்டிருந்துச்சு. எங்க வீட்டுக்காரரே போயிச் சொல்லிப் பாத்தாரு. மச்சான், நீ ஒருத்தன் மட்டும் கறுப்பா நின்னா தங்கத்தட்டு போயிரும்னாரு. அவன், தட்டுல நீங்க சாப்பிடுங்க வாத்தியாரே, என் மாடு கொட்டாய்ல சாப்பிடும்னான்.

ஓடு சிலேட்ட மாதிரி ரெண்டு மடங்கு எடை டாக்டரம்மா. ஒங்களுக்குச் சொல்லணுமா. அவன் அதத்தான் சொல்லிக்கிட்டே இருந்தான். அந்த உத்தரம் எல்லாம் சிலேட்டுக்குன்னு வெச்சது, இத்தன எடைய அது பாத்ததே இல்லைன்னு. ஒரு கட்டட ஆள் வந்தாரு, சுத்தியால நாலு தட்டு தட்டினாரு, நூறு வருஷம் தாங்கும்னு எழுதிக்குடுத்துட்டுப் போயிட்டாரு. சர்ச்சுக்கும் எஞ்சினியர் பாத்துட்டாருன்றீங்க. பாத்திருப்பாரு. நல்ல ஆளாத்தான் இருக்கும்.

ஒருநாள் வென்டலின் எங்க வீட்டுக்கு வந்தான். இதே சமையக்கட்டு. நீங்க உக்காந்திருக்குற எடம்தான். வாத்தியாரு பள்ளிக்கூடத்துல. தொப்பியக் கழட்டி மடியில வெச்சுக்கிட்டான். எப்பவும் கழட்ட மாட்டான். ரோஸ்விதா, நீ அந்தக் கடையில நாலு வருஷம் இருந்த, இந்தச் சமாச்சாரம் ஒனக்குத் தெரியும், நீ சொல்லு, நான் கேட்டுக்கிறேன். நெசமாவே அந்தக் காலத்துல நம்ம வீட்டுக் கூரை செவப்பாவா இருந்துச்சுன்னான்.

நான் பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தேன். திரும்பாமலே சொன்னேன், படத்துல செவப்பாத்தானே இருக்குன்னு.

சரி, நீ சொன்னாச் சரின்னு தொப்பியப் போட்டுக்கிட்டுப் போயிட்டான்.

அடுத்த மாசம் ஓடு போட்டான். எழுபத்தொம்பது பிப்ரவரில பனி. மொதல்ல நல்ல பனி, பஞ்சு மாதிரி. அப்புறம் மழையோட சேந்து வந்த பனி, ஈயம் மாதிரி. காலைல அஞ்சரைக்குப் பால் கறக்கப் போயிருக்கான். எங்க வீடு வரைக்கும் சத்தம் கேட்டுது. நான் செருப்பு இல்லாம ஓடினேன். போயிப் பாத்தா... வெள்ளையா இருக்குது எல்லாம், அது மேல அங்கங்க செவப்பு ஓடு. ஒடைஞ்சது, ஒடையாதது. வெறும் தாள்ல யாரோ செவப்பத் தெளிச்சு விட்ட மாதிரி. நாலு மாடு பொழைச்சுது. வாத்தியார் பேரு வெச்ச மாடு பொழைச்சுது.

இல்லம்மா, பரவாயில்ல. பழசு. நீங்க கைக்குட்டைய உள்ள வைங்க, என்கிட்ட இருக்கு.

பனி அதிகம்னாங்க. அந்த வருஷம் எல்லா ஊர்லயும் பனி அதிகம்தான். பக்கத்து ஊர்ல ஒரு கொட்டாயும் விழல. அத யாரும் சொல்லல, நானும் சொல்லல. போட்டியில வெள்ளித்தட்டுதான் கெடைச்சிருந்துச்சு, ஊர்சபை வாசல்ல மாட்டியிருக்கும், பாத்திருப்பீங்க. அவன் அடுக்கி வெச்ச சிலேட்ட நான் எடுத்துக்கிட்டேன். வரும்போது தோட்டத்துல பாத்தீங்கல்ல, செடிக்குச் செடி பேரெழுதி நட்டு வெச்சிருக்கேனே, அதுதான். இன்னும் ஒரு குவியல் கொட்டகைக்குப் பின்னாடி கெடக்கு.

ஆமா, ஒங்க கேள்வி. எங்கெங்கயோ போயிட்டேன் பாருங்க.

லூட்கே கடை. லூட்கே புஸ்தகத்த வாங்குவாரு, பழைய தோல் அட்டை போட்டது, கத்திய எடுத்து ஒவ்வொரு படமா வெட்டிருவாரு. புஸ்தகத்த முழுசா வாங்க ட்ரியர்ல ரெண்டு பேரு இருப்பான், தன் ஊர்ப் படத்த வாங்க ஊருக்குப் பத்து பேர் இருப்பான்னு சொல்லுவாரு. எனக்குப் பின்கட்டு வேலை. தாள அலசறது, காய வைக்கிறது, பின்பக்கம் டீத்தண்ணி தடவறது, பழசா தெரியறதுக்கு.

இதே கேள்விய எங்க வீட்டுக்காரரும் கேட்டாரு தெரியுமா? போன பிப்ரவரில. நாப்பத்தொம்பது வருஷம் குடும்பம் நடத்திட்டு மொதத் தடவையா. ஊர்சபையிலேருந்து படத்த வாங்கி வந்து படுக்கையில வெச்சுப் பாத்துக்கிட்டு இருந்தாரு, ஊர்க் கூரையப் பத்தி அவர் எழுதின புஸ்தகத்துக்கு ரெண்டாம் பதிப்பு போடணும்னு. இந்த மூலை வீட்டு மேலயே பூதக்கண்ணாடி ரொம்ப நேரம் நின்னுச்சு. அப்புறம், ரோஸ்விதா, லூட்கே கடையில நீ என்ன வேலைடி பாத்தேன்னாரு. பின்கட்டு வேலைன்னேன். ம்ம்னாரு. பூதக்கண்ணாடிய மடக்கி ஒறையில போட்டாரு. அப்புறம் தெறக்கவே இல்ல. ரெண்டாம் பதிப்பும் போடல.

தகடு கோடுதாங்க குடுக்கும். ஒங்களுக்குத் தெரியாததா. கறுப்புக் கோடு, அவ்வளவுதான். எந்தத் தகடும் நெறம் குடுக்காது. நெறம் எல்லாம் கை போடறது. அந்தக் காலத்துக் கையா, எந்தக் காலத்துக் கையான்னுதான் நீங்க அலையறீங்க.

அந்த மேல அலமாரியில ஒரு தகர டப்பா இருக்கு, கொஞ்சம் எடுத்துத் தரீங்களா? எனக்கு எட்டாது. மூடி இறுக்கமா இருக்கும்... ஆங். பிரஷ்ஷுதான். ரெண்டாம் நம்பர், முயல் மீசை மாதிரி. இன்னும் முடி கொட்டல பாருங்க.

எந்தப் புஸ்தகம்னு எனக்குத் தெரியாது டாக்டரம்மா. என் மேசைக்கு வரும்போது இது தனித் தாளா வெறும் கறுப்பு வெள்ளையா வந்துது. எழுபத்திரெண்டுல, ஒரு செவ்வாக்கெழம. என் ஊருன்னதும் எனக்கு ஒரே சந்தோஷம். மொதல்ல எங்க வீட்டத்தான் எடுத்தேன். சாம்பல் நெறம் கலக்கி, கொஞ்சூண்டு நீலம் விட்டு, சிலேட்டு மாதிரியே. ஒரு கூரைதான் முடிச்சேன். லூட்கே பின்னாடி வந்து நின்னாரு. என்ன இது, மழை பெய்யற மாதிரி இருக்கு, மழைய எவன் காசு குடுத்து வாங்கி மாட்டுவான், கூரைன்னா செவப்பு, மரம்னா பச்சைன்னு எத்தனை வாட்டி சொல்றதுன்னாரு. நான் பிரஷ்ஷக் கழுவிட்டு, செவப்பத் தொட்டு அது மேலயே இழுத்துட்டேன். முழுசாக் காயக்கூட விடல. அதான் அழுக்கா நிக்குது. தீயும் இல்ல ஒண்ணும் இல்ல. மிச்சப் பதினாறையும் மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள முடிச்சுட்டேன்.

ஊர்சபைக்கு வித்தப்போ பழைய நெறம்னு எழுதிக்குடுத்தாரு லூட்கே. நான் அடுத்த ரூம்ல இருந்தேன்.

தண்ணி இருக்கா அந்தத் தம்ளர்ல? இப்படித் தள்ளுங்க. தொடக்கூடாதா? ஒங்க வேலைக்குத் தொடக்கூடாதுதான். நீங்க தொட வேணாம், நீங்க பாத்துக்குங்க, பாத்தத எழுதிக்குங்க. அந்தப் பேனாவுக்கு வேற வேலை இல்ல இன்னைக்கு. சர்ச்சுல வென்டலினோட பேத்தி பாடுறா, மூணாவது வரிசை. திங்கக்கெழமக்குள்ள நீங்க ஃபோன் பண்ணி அந்த ஓட்டு வேலைய நிறுத்திரணும்.

இருங்க, மூச்சு விடாதீங்க. பிசின் வெச்ச நெறம், ஐம்பது வருஷம் ஆனாலும் ஈரம் பட்டா எளகும். இப்படி ஒத்தி... ஒத்தி எடுக்கணும். செவப்பு மேல வருதா? வருது. கைக்குட்டைய குடுங்க. இப்போ பாருங்க. அடியில.

மழை பெய்யற மாதிரி இருக்குன்னாரு. எங்க, அப்படியா இருக்கு? எங்க வீடு மாதிரிதான் இருக்கு.